ஷார்ல் ழாக்கின் ஆட்டுமந்தைப் படம்: அசலா, நகலா?

பாரிஸ் புறநகரில் ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தையில் 35 யூரோ கொடுத்து ஒரு சின்னப் படம் வாங்கியிருக்கிறீர்கள். கறுப்பு மையில் அச்சான படம். முக்காடு போட்ட ஒரு பெண் நின்றபடியே எதையோ பின்னிக்கொண்டிருக்கிறாள், பின்னால் பத்துப் பன்னிரண்டு செம்மறிகள், ஓரமாக ஒரு நாய், தூரத்தில் தட்டையான வயல், அந்த வயலில் சக்கரம் வைத்த பெட்டி மாதிரி ஏதோ ஒன்று. கீழே இடது மூலையில் புல்லோடு புல்லாக ஷார்ல் ழாக் என்ற கையெழுத்து. இது அசலா நகலா, எவ்வளவு பெறும், அந்தப் பெண் ஏன் ஆட்டைப் பார்க்காமல் பின்னிக்கொண்டிருக்கிறாள், அந்தப் பெட்டி என்ன, இவ்வளவு சாதாரணக் காட்சியை யார் காசு கொடுத்து வாங்கினார்கள் என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். எல்லாமே நல்ல கேள்விகள், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

விலையை முதலில் சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிடலாம். ழாக் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கலைஞர், அவர் படம் வரைந்து செய்த அச்சுத்தகடுகள் நானூறுக்கு மேல். ஒவ்வொன்றிலிருந்தும் நிறையப் படிகள் எடுத்தார்கள், சில பத்திரிகைகளோடு சேர்ந்தும் வெளிவந்தன. அதனால் அவருடைய சின்னப் படங்கள் பெரும்பாலும் சில பத்து யூரோவுக்கே கிடைக்கும், நல்ல தாளில் எடுத்த ஆரம்பகாலப் படி என்றால் சில நூறு வரை போகும். நீங்கள் கொடுத்தது நியாயமான விலை. விற்பதற்காக வாங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள், அதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இப்போது அந்த 'நகல்' என்ற வார்த்தைக்கு வருகிறேன். 'அச்சுதானே, அப்படியென்றால் நகல்தானே' என்கிறீர்கள். நான் பல வருடமாகச் செப்புத்தகட்டில் எட்சிங் செய்து வருகிறேன், அதாவது அமிலத்தால் கோடுகளை அரித்து அதிலிருந்து படம் அச்சிடுகிற கலை, இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. ஒரு நகல் இருக்க வேண்டுமென்றால் எங்கேயோ ஒரு மூலம் இருக்க வேண்டும் இல்லையா? ழாக்கின் எட்சிங்குக்கு அப்படி ஒரு மூலத்தைத் தேடிப் போனால் கையில் கிடைப்பது ஒரு செப்புத்தகடுதான். அதில் படம் இடவலம் மாறி இருக்கும், மை இல்லாமல் பளபளவென்று இருக்கும், சாய்த்துப் பிடித்தால்தான் கோடே தெரியும். அது படமல்ல, படத்துக்கான நிலம். அதில் மை ஏறித் தாளில் இறங்கிய பிறகுதான் படம் என்று ஒன்று பிறக்கிறது. ஆக, உங்கள் கையில் இருக்கும் தாள் எதையும் பார்த்து எடுத்ததல்ல. அதைப்போல இன்னும் பல படிகள் இருக்கலாம், ஆனால் அவையெல்லாம் ஒன்றுக்கொன்று கூடப்பிறந்தவை.

அது எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் படத்தைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும், அதனால் சொல்லிவிடுகிறேன். தேய்த்து மினுக்கிய செப்புத்தகட்டைச் சூடுபண்ணி, மெழுகும் நிலக்கீலும் பிசினும் கலந்த ஒரு பூச்சை மெல்லியதாகப் பரப்புவார்கள். அதன்மேல் மெழுகுவத்திப் புகை காட்டிக் கறுப்பாக்குவார்கள், கோடு போட்டால் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. பிறகு ஊசியால் வரைவது. ஊசி செம்பைக் கீற வேண்டியதில்லை, பூச்சை விலக்கினால் போதும். அதனால்தான் எட்சிங்கில் கை பேனாவைப் போல ஓடுகிறது, அந்த ஆடுகளின் முதுகில் இருக்கிற சுருள் கிறுக்கல் அவ்வளவு சுதந்திரமாக வந்திருப்பது அதனால்தான். வரைந்த தகட்டை அமிலத்தில் இறக்கினால், பூச்சு விலகிய இடத்தில் மட்டும் அமிலம் செம்பைத் தின்னும். தூரத்து வயலுக்கு மெல்லிய கோடு வேண்டும், எனவே சில நிமிடத்தில் தகட்டை வெளியே எடுத்து அந்தப் பகுதிக்கு மட்டும் வார்னிஷ் பூசி மூடிவிட்டு மறுபடியும் இறக்குவார்கள். அடுத்தது ஆடுகள், அவற்றையும் மூடுவார்கள். கடைசிவரை அமிலத்தில் கிடப்பது அந்தப் பெண்ணின் போர்வை மடிப்புகள், அதனால்தான் அவை அவ்வளவு கறுப்பு. படத்தில் நீங்கள் 'தூரம்' என்று பார்ப்பது உண்மையில் நேரம், எந்தக் கோடு எத்தனை நிமிடம் அமிலத்தில் இருந்தது என்பதன் கணக்கு. நான் படிக்கிற காலத்தில் ஒரு தகட்டை வார்னிஷ் போட்டு மூடாமல் கொஞ்சம் கூடுதலாக விட்டுவிட்டேன், மலையும் மரமும் ஒரே கறுப்பாகி, மூன்று வார வேலை போனது. அன்றிலிருந்து ழாக்கின் தூரத்து மரங்களைப் பார்க்கும்போதெல்லாம் அவர் தகட்டை வெளியே எடுத்த அந்தக் கணத்தை நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆடுகளின் முதுகில் வெயில் படுகிற இடத்தில் கோடே கிடையாது, வெறும் தாள். ஓரத்தில் நாலு சுழி, கழுத்துக்குக் கீழே கொஞ்சம் அடர்த்தி, மீதியைக் கண் தானாகவே கம்பளி என்று நிரப்பிக்கொள்கிறது. இதை ரெம்பிராண்ட் முதலான பதினேழாம் நூற்றாண்டு டச்சுக்காரர்களின் எட்சிங்குகளைப் பார்த்துப் பார்த்துப் பழகினார் ழாக். ஆனால் ஆட்டின் உடம்பு நிற்கிற விதம், ஒன்றன் பின்னங்காலில் இன்னொன்று தலையை நுழைத்துக்கொண்டு மேய்கிற விதம், அதெல்லாம் ஏட்டில் வராது, மந்தையோடு இருந்து பார்த்தவருக்குத்தான் வரும்.

சரி, உங்கள் தாள் நிஜமாகவே தகட்டிலிருந்து எடுத்ததுதானா, அல்லது பிற்காலத்தில் போட்டோ எடுத்துப் போட்ட அச்சா என்று எப்படிப் பார்ப்பது? சட்டத்திலிருந்து கழற்றி, நகை பார்க்கிற லென்ஸ் ஒன்றை வைத்துக்கொண்டு சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். படத்தைச் சுற்றி நாலு பக்கமும் தாள் உள்ளே அமுங்கிய ஒரு பள்ளம் தெரிய வேண்டும், ஈரத்தாளையும் தகட்டையும் சேர்த்து உருளைக்கு நடுவில் அழுத்தும்போது விழுகிற தடம் அது. கோடுகளில் மை லேசாக மேடு கட்டி நிற்கும். கோட்டின் முனை மழுங்கலாக இருக்கும், உளி கொண்டு செதுக்கிய கோடு என்றால் முனை ஊசிபோல் மெலிந்து முடியும். லென்ஸில் வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது 1880-களுக்குப் பிறகு பரவிய புள்ளித்திரை அச்சு, அப்போது நகல் என்ற வார்த்தை பொருந்தும். பள்ளம் இல்லாமல் சாக்பீஸால் வரைந்த மாதிரி பொரிபொரியாக இருந்தால் லித்தோ, அதாவது கல்லில் வரைந்து எடுக்கிற அச்சு. ஒரு எச்சரிக்கை: போட்டோவைத் தகட்டில் ஏற்றி அச்சிடுகிற போட்டோகிராவூர் என்ற முறையிலும் தகடு உண்டு, அமுங்கிய தடமும் உண்டு, அதனால் தடத்தை மட்டும் நம்பாதீர்கள். அதில் கோடு கோடாக இல்லாமல் நுண்ணிய மணல் தூவின மாதிரிச் சாம்பல் நிறம் இருக்கும், அது லென்ஸில் பிடிபட்டுவிடும்.

படத்துக்குக் கீழே பொடி எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் காலத்துப் பழக்கம் இது: இடது ஓரத்தில் ஒரு பெயரும் 'பின்க்ஸிட்' அல்லது 'பின்க்ஸ்' என்றும் இருந்தால் ஓவியத்தைத் தீட்டியவர் அவர், வலது ஓரத்தில் இன்னொரு பெயரும் 'ஸ்கல்ப்ஸிட்' என்றும் இருந்தால் அதைப் பார்த்துத் தகட்டில் செதுக்கியவர் இவர். ரோசா பொனர், த்ரோயோன் போன்றவர்களின் கால்நடை ஓவியங்கள் அப்படித்தான் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தன. உங்கள் படத்தில் ழாக் பெயர் மட்டும், அதுவும் படத்துக்குள்ளேயே இருக்கிறது. கையெழுத்து நமக்கு நேராகப் படிக்க வருகிறதென்றால் தகட்டில் அவர் அதை இடவலம் மாற்றி எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். அது அவருக்குப் பெரிய விஷயமாக இருந்திருக்காது, சின்ன வயதில் நிலப்படம் செதுக்குகிறவரிடம் வேலை பழகியவர் அவர், ஊர்ப்பெயர்களை எல்லாம் அப்படித்தான் எழுத வேண்டும்.

1813-இல் பாரிஸில் பிறந்தவர், 1894-இல் அங்கேயே இறந்தார். நிலப்பட வேலைக்குப் பிறகு பட்டாளத்தில் சில வருடம், அப்புறம் இங்கிலாந்து போய்ப் புத்தகங்களுக்கு மரக்கட்டையில் படம் செதுக்கினார். திரும்பிவந்து 1840-களில் எட்சிங்கில் இறங்கியபோது பிரான்சில் அந்தக் கலை ஏறக்குறைய அணைந்து கிடந்தது. லித்தோவும் மரக்கட்டையும் சந்தையைப் பிடித்திருந்தன, ஊசியும் அமிலமும் யாருக்கும் வேண்டாததாகிவிட்டிருந்தன. ழாக்கும் இன்னும் சிலரும் விடாமல் செய்துகொண்டே இருந்தார்கள். அந்த வட்டத்தில் அச்சு எடுத்துப் பழகிய ஓகுஸ்த் தெலாத்ர்தான் பின்னாளில் பாரிஸின் பேர்பெற்ற அச்சாளர் ஆனார். 1862-இல் கதார் என்ற வெளியீட்டாளர் எட்சிங் கலைஞர்களுக்காகச் சங்கம் தொடங்கியபோது எட்சிங்குக்கு மறுபிறப்பு என்று எல்லோரும் பேசினார்கள், ஆனால் அதற்கு இருபது வருடம் முன்பே அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர் ழாக். இந்த இடத்தில் வரலாறு எழுதுகிறவர்கள் அவருக்குக் கொஞ்சம் அநியாயம் செய்துவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

1849-இல் பாரிஸில் காலரா. ஊரில் அரசியல் கலவரமும் ஓயவில்லை. ழாக்கும் அவருடைய நண்பரான ஓவியர் ழான் ஃபிரான்சுவா மில்லேயும் மனைவி குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பாரிஸுக்குத் தெற்கே ஃபோந்தேன்புளோ காட்டுப் பக்கம் கிளம்பினார்கள். காட்டோரத்தில் ஒரு சின்ன ஊர் இருப்பதாக ழாக்குக்குத் தெரியும், பெயர் மட்டும் நினைவில்லை, கடைசியில் 'ஸோன்' என்று முடியும் என்பதுதான் அவருக்குத் தெரிந்தது என்பார்கள். அப்படித் தேடிப் போய்ச் சேர்ந்த ஊர்தான் பார்பிஸோன். மில்லே 1875-இல் சாகும்வரை அங்கேயே இருந்தார். ழாக் சில வருடங்களில் கிளம்பிவிட்டார், ஆனால் அந்தச் சில வருடத்திலேயே கோழி வளர்ப்பில் இறங்கி, பிறகு 1858-இல் கோழி இனங்களைப் பற்றித் தானே படம் போட்டு ஒரு முழுப் புத்தகமும் வெளியிட்டார். விலங்கை வெறும் அழகுக்காகப் பார்க்காமல், தீனி, கொட்டகை, இனம் என்று வளர்க்கிறவர் கண்ணோடு பார்த்தவர் அவர். உங்கள் படத்து ஆடுகள் பொம்மை மாதிரி இல்லாமல் இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இனி அந்தப் பெண். அவள் ஆட்டைப் பார்க்காமல் இல்லை. மந்தையோடு போகிற பெண்கள் பின்னல் ஊசியை எடுத்துக்கொண்டே போவது அங்கே வழக்கம், கை தன்பாட்டில் பின்னும், காதும் கண்ணும் ஆட்டின்மேல் இருக்கும். பிரான்சின் தென்மேற்கில் லாந்த் பகுதியில் சதுப்பு நிலத்தில் பொய்க்கால் கட்டிக்கொண்டு மேய்த்த இடையர்கள் அந்த உயரத்தில் நின்றபடியே பின்னியிருக்கிறார்கள், ஆண்கள்கூட. லென்ஸ் வைத்து அவள் கையைப் பாருங்கள். ஊசி இரண்டுக்கு மேல் தெரிந்தால் அவள் பின்னுவது காலுறை, குழாய் மாதிரிச் சுற்றிப் பின்னுவதற்கு நாலைந்து ஊசி வேண்டும். ஆட்டு மயிரை நூலாக்கி, அதே ஆட்டின் பக்கத்தில் நின்று துணியாக்குகிற வேலை அது. ஓய்வாக நிற்கிற பெண்ணாக அவளைப் பார்க்காதீர்கள், ஒரே நேரத்தில் இரண்டு வேலை நடக்கிறது.

நாயைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் அது சும்மா படத்தை நிரப்ப வைத்ததல்ல. பார்பிஸோன் பக்கத்துச் சமவெளியில் வேலி கிடையாது. இந்தப் பக்கம் அறுத்த வயல், அந்தப் பக்கம் அடுத்தவருடைய பயிர், நடுவில் ஒரு உழவுச் சால்தான் எல்லை. அந்த எல்லைக்கோட்டில் நாய் போய் வந்துகொண்டே இருக்கும், ஆடு வாயை அந்தப் பக்கம் நீட்டினால் தள்ளிவிடும். அதாவது வேலியே நாய்தான். இடையர் கையில் வைத்திருக்கும் கோலின் நுனியிலும் சின்னக் கரண்டி மாதிரி ஒரு இரும்பு இருக்கும், மண்கட்டியைக் கிண்டி விலகிப்போகிற ஆட்டின் பக்கம் எறிவதற்கு. உங்கள் பெண்ணிடம் அந்தக் கோல் இல்லை, பின்னுகிற கைக்கு அது தோதுப்படாது, அதனால் நாய்க்கு வேலை இன்னும் அதிகம்.

சக்கரம் வைத்த அந்தப் பெட்டி, இடையர் படுத்துக்கொள்கிற வண்டி. ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்க இடம், ஒரு கதவு, அவ்வளவுதான். கிடை என்றால் உங்களுக்கு உடனே விளங்கிவிடும். அறுத்த வயலில் மரப்படலை வரிசையாக நட்டுப் பட்டி கட்டி, ராத்திரி முழுக்க மந்தையை அதற்குள் அடைத்து வைப்பார்கள், புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். மறுநாள் படலைப் பிடுங்கி அடுத்த துண்டில் நடுவார்கள், சில சமயம் ராத்திரியிலேயே ஒருமுறை எழுந்து இடம் மாற்றுவதும் உண்டு. பட்டி நகர நகர வண்டியும் கூடவே நகரும். நம்மூரில் கிடை போடுகிறவர்கள் செய்கிற அதே கணக்கு, அதே காரணம். மில்லே இந்தக் கிடையை நிலா வெளிச்சத்தில் ஒரு ஓவியமாகத் தீட்டியிருக்கிறார், இப்போது அது அமெரிக்காவில் பால்டிமோரில் இருக்கிறது.

ஆனால் ஒன்று: அந்த வண்டி இந்தப் பெண்ணுடையதாக இருக்க முடியாது என்றே எனக்குப் படுகிறது. வண்டி, படல், நூற்றுக்கணக்கில் ஆடு எல்லாம் பெரிய பண்ணைகளுடையவை. அங்கே வேலைக்கு இருக்கிற தலைமை இடையர் மதிப்பான ஆள், ஆட்டு வைத்தியம் தெரிந்தவர், வானம் பார்த்து மழை சொல்கிறவர், பாரிஸுக்குக் கிழக்கே உள்ள பிரீ பகுதியில் இடையர்களை மந்திரக்காரர்கள் என்று சனங்கள் பயந்ததும் உண்டு. பத்துப் பன்னிரண்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு வருகிற பெண்ணோ, சின்னக் குடும்பம் ஒன்றின் மகள். அறுவடை முடிந்த வயலில் ஊராருடைய ஆடுகள் மேயலாம் என்ற பழைய பொது உரிமை ஒன்று பிரான்சில் இருந்தது, சொந்த நிலம் இல்லாதவர்கள் ஆடு வைத்துக்கொள்ள முடிந்தது அதனால்தான். அந்த உரிமையை 1889-ஆம் வருடச் சட்டம் பெரும்பாலும் முடித்துவைத்தது. ஆக, முன்னால் நிற்கிற பெண்ணும் அடிவானத்து வண்டியும் இரண்டு வேறு உலகம், இரண்டையும் ஒரே சின்னத் தகட்டில் வைத்திருக்கிறார் ழாக்.

கம்பளியும் அந்தக் காலத்தில் பெரிய விஷயம். ஸ்பெயினின் மெரினோ ஆடுகளை 1786-இல் ராம்புய்யே அரசப் பண்ணைக்குக் கொண்டுவந்து பெருக்கினார்கள், அந்த ரத்தம் பிரீ, போஸ் சமவெளிகள் முழுக்கப் பரவியது. நூற்றாண்டின் நடுவில் பிரான்சில் 3 கோடிக்கு மேல் செம்மறிகள் இருந்தன. பிறகு ஆஸ்திரேலியக் கம்பளி கப்பலில் மலிவாக வந்து இறங்கியது, தரிசு விடுகிற வழக்கமும் குறைந்தது, நூற்றாண்டு முடியும்போது எண்ணிக்கை 2 கோடி அளவுக்கு இறங்கிவிட்டது. ழாக்கின் கடைசி வருடப் படங்களை வாங்கியவர்கள், வீட்டுச் சுவரில் மாட்டிய மந்தை வெளியே கரைந்துகொண்டிருந்த காலத்தில் வாழ்ந்தவர்கள்.

வாங்கியவர்கள் யார் என்றால், பெரும்பாலும் பாரிஸ்காரர்கள். 1846-இல் 10 லட்சத்தைத் தாண்டியிருந்த பாரிஸ், 1861-க்குள் சுற்றுக் கிராமங்களையும் விழுங்கி 17 லட்சத்தை எட்டியது. பழைய தெருக்களை இடித்துக்கொண்டிருந்தார்கள். கிராமத்திலிருந்து வந்து ஒரு தலைமுறைகூட ஆகாதவர்கள் ஏராளம். ஓவியம் வாங்க வசதியில்லாத ஒரு குமாஸ்தாவோ பள்ளி ஆசிரியரோ சில பிராங்க் கொடுத்து ஒரு எட்சிங் வாங்கிச் சாப்பாட்டு அறையில் மாட்டிக்கொள்ளலாம். 1850-களின் கடைசியில் செப்புத்தகட்டின்மேல் மெல்லிய இரும்பு முலாம் ஏற்றும் முறை வந்தது, அதனால் சில நூறு படி எடுத்ததுமே தேய்ந்துபோன தகடு ஆயிரக்கணக்கான படிகளுக்குத் தாங்கியது, விலையும் இறங்கியது. அந்த மலிவான படியும் நல்ல படிதான், ஆனால் முலாம் ஏற்றுவதற்கு முன் எடுத்ததில் கறுப்பு வெல்வெட் மாதிரி இருக்கும், பிறகு எடுத்ததில் கொஞ்சம் வறண்டிருக்கும், பழகினால் தெரியும்.

நீங்கள் இருக்கும் ஊர் பாரிஸ் என்பதால் இரண்டு இடம் சொல்கிறேன். ஓர்சே அருங்காட்சியகத்தில் மில்லேயின் பெரிய ஓவியம் ஒன்று, 1864 கண்காட்சியில் வைத்தது: மந்தைக்கு முன்னால் ஒரு பெண் நின்று பின்னிக்கொண்டிருப்பாள், கிட்டத்தட்ட உங்கள் படத்துப் பெண்ணின் தங்கை. அதன்முன் பத்து நிமிடம் நில்லுங்கள். இன்னொன்று ரிஷெலியு தெருவில் தேசிய நூலகத்தின் அச்சோவியப் பிரிவு. ழாக்கின் தகடுகளுக்கு கிஃப்ரே என்பவர் 1866-இல் எண் போட்டுப் பட்டியல் வெளியிட்டிருக்கிறார், தகட்டின் அகலம் உயரத்தை வைத்து உங்கள் படத்தின் எண்ணைத் தேடலாம்.

பராமரிப்பு பற்றிச் சுருக்கமாக: ஓரத்தை வெட்டாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள், பழுப்புப் புள்ளிகளை வெளுக்க வைக்கிறேன் என்று எதையும் தடவாதீர்கள். பின்னால் இருக்கும் பழைய அட்டையை எடுத்துவிட்டு அமிலமில்லாத அட்டை வையுங்கள், கண்ணாடி தாளைத் தொடக்கூடாது, வெயில் விழுகிற சுவர் வேண்டாம்.

சட்டத்தைக் கழற்றும்போது தாளை ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். நெருக்கமான கோடுகளும் எழுத்து மாதிரி ஒரு நீர்க்குறியும் தெரிந்தால் அதையும், அமுங்கிய தடத்தின் அளவை மில்லிமீட்டரிலும் குறித்து அனுப்புங்கள். எண்ணை நான் தேடித் தருகிறேன்.